ஓர் அரிவாள்மனையும் ஐந்து ப்ரோக்கோலியும்

மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை பிறக்கும் வரை எங்கள் வீட்டுக்கு ஐந்து ப்ரோக்கோலி வாங்கினேன். முதல் இரண்டும் வீணாகிவிட்டன. மூன்றாவது பாதி தேறியது. நான்காவதும் ஐந்தாவதும் சட்டியில் ஒரு துண்டு மிச்சமில்லாமல் தீர்ந்தன. ஒவ்வொரு முறையும் எடை, நேரம், செய்த தவறு எல்லாவற்றையும் மகளின் பழைய நோட்டு ஒன்றில் குறித்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், "அம்மா, ப்ரோக்கோலி வாங்கி நம்ம வீட்டு ருசிக்கு ஒரு பொரியல் பண்ணிக் குடும்மா" என்று கேட்டாள். எங்கள் வீடு மதுரை அண்ணா நகரில். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது இங்கேதான். கத்தரிக்காய், வெண்டைக்காய், கீரை எல்லாம் எனக்கு அங்கேயே கிடைத்துவிடும். ப்ரோக்கோலிக்கு மட்டும் மலைக்காய் விற்கும் கடையைத் தேடிப் போனேன்.

முதல் ப்ரோக்கோலியை ஒரு மத்தியான நேரத்தில் வாங்கினேன். மற்றதைவிட விலை குறைவாக இருந்தது. உச்சியில் லேசாக மஞ்சள் தட்டியிருந்ததைப் பார்த்தேன். முற்றிய காய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் காய்க்கூடையில், வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் பாதிக்கு மேல் மஞ்சளாகிக் கிடந்தது. கையில் எடுத்தால் துவண்டது.

அம்மாவுக்கு 74 வயது. எங்களோடுதான் இருக்கிறார். சின்ன வயதில் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து மல்லிகைப் பூ பறித்துக் கட்டியவர். அந்த மஞ்சள் பூவை வாங்கிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னதுதான் இந்த ஐந்து வாரத்துக்கும் வழிகாட்டி: "இது காயில்லத்தா, மொட்டு. மல்லிய இப்படி வெக்கைல போட்டு வைப்பியா?"

அது அப்படியே உண்மை. ப்ரோக்கோலியின் தலையில் நாம் பார்க்கும் பச்சைப் புள்ளி ஒவ்வொன்றும் விரியாத பூ மொட்டு. செடியிலேயே விட்டிருந்தால் நாலிதழ் மஞ்சள் பூக்களாக, கடுகுப் பூப் போலவே விரிந்திருக்கும். கடுகும் இதுவும் ஒரே குடும்பம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல் மூன்றும் அதைவிட நெருக்கம், ப்ரோக்கோலியோடு ஒரே இனத்துச் செடிகள். ஒன்றில் இலையைத் தின்கிறோம், ஒன்றில் தண்டை, இதில் மொட்டை. அறுத்த பிறகும் மொட்டுக்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது, வெக்கை கூடக் கூட வேகமாக மூச்சு விட்டுத் தன் பச்சையை இழக்கிறது. அதோடு பழுக்கும் பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் இன்னும் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வாழைச்சீப்புக்குப் பக்கத்தில் வைத்தது நான் செய்த முதல் தவறு.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரிலோ ஊட்டிக் குளிரிலோ விளைந்தது மலையிறங்கி மதுரை வெயிலுக்கு வருகிறது. அதனால் இப்போது காலையில்தான் வாங்குகிறேன், அதுவும் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே. பார்ப்பது மூன்று விஷயம். தலை கரும்பச்சையாக, லேசாக நீலம் கலந்தது போல், விரலால் அழுத்தினால் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் இலை வாடியிருக்கக் கூடாது. தண்டை அறுத்த இடத்தில் நகத்தால் கீறினால் ஈரம் தெரிய வேண்டும். சில தண்டுக்கு நடுவில் பொந்து இருக்கும். செடி மிக வேகமாக வளர்ந்தாலோ மண்ணில் போரான் சத்து குறைந்தாலோ அப்படி வரும். உள்ளே பழுப்பேறாமல் வெள்ளையாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். பழுப்பேறி நாற்றம் இருந்தால் வேண்டாம்.

வைக்கும் முறையில் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. பூவை வைப்பது போல ஈரத்துணியில் சுற்றச் சொன்னார். சுற்றிப் பார்த்தோம். துணியில் ஈரம் அதிகமாக இருந்ததால் இரண்டாம் நாள் உச்சியில் கறுப்புப் புள்ளி வந்தது. மொட்டுகளுக்கு நடுவே தண்ணீர் நின்றால் அழுகல் தொடங்கிவிடுகிறது. இப்போது கழுவாமல், காய்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, ஃபிரிட்ஜின் காய்ப்பெட்டியில், பழங்கள் இல்லாத பக்கம் வைக்கிறேன். நான்கு நாள் வரை பச்சை மாறவில்லை. துணி அம்மாவுடையது, உலர்த்தியது நான் என்று இரண்டு பேரும் சமாதானமானோம்.

இரண்டாவது ப்ரோக்கோலி நல்லதாகத்தான் கிடைத்தது. கெடுத்தது என் கை. முட்டைக்கோஸை அரிவது போல அரிவாள்மனையில் வைத்துத் தலையின் நடுவே இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் மொட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தரையில் விரித்த பேப்பர் முழுக்கப் பச்சைத் தூள். தட்டில் சேர்ந்தது கொஞ்சம், உதிர்ந்தது நிறைய. அந்தத் துண்டுகளையும் உப்புத் தண்ணீரில் போட்டு, மூடி போட்டு, 10 நிமிடம் வேகவைத்தேன். திறந்தபோது பாசி நிறம். வீடு முழுக்க, முட்டைக்கோஸ் வெந்து குழைந்தால் வருமே, அந்த நெடி. மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கினாள். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே வருத்தம்.

மூன்றாவதை வாங்கி வந்ததும் அம்மா அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ப்ரோக்கோலியைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய தண்டிலிருந்து கிளைகள் பிரியும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கிளையையும் அடியில், தண்டோடு சேரும் இடத்தில் மட்டும் வெட்டி எடுத்தார். மேலே மொட்டில் அலகு படவே இல்லை. எடுத்த கிளை பெரிதாக இருந்தால், அதன் காம்பை மட்டும் அலகில் வைத்து ஒரு அங்குலம் கீறினார். கீறலில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெல்ல விலக்கினார். கிளை தானாகவே மொட்டுகளின் இடுக்கு வழியாக இரண்டாகப் பிரிந்தது. பேப்பரில் ஒரு சிட்டிகைத் தூள்கூட இல்லை.

இதை நான் நிறையத் தடவை செய்து பார்த்துவிட்டேன். தண்டுப் பக்கம் கீறிக் கையால் பிரிப்பதுதான் ப்ரோக்கோலி நறுக்குவதில் முக்கால்வாசி வேலை. மொட்டுக் கொத்துக்குள் ஏற்கெனவே கிளைக்குக் கிளை பிரிவு இருக்கிறது. கத்தி அந்தப் பிரிவைப் பார்க்காமல் குறுக்கே போவதால்தான் உதிர்கிறது. கத்தியிலும் செய்யலாம், அப்போது பலகையில் தலைகீழாகக் கிடத்திக் காம்பைக் கீற வேண்டும். ஆனால் அரிவாள்மனைதான் இதற்குப் பொருத்தம் என்பது என் கருத்து. அலகு அசையாமல் நிற்கிறது, காய் இரண்டு கையிலும் இருக்கிறது, கீறிய கையோடு கீழே வைக்காமலே பிரித்துவிடலாம். அலகில் கொஞ்சம் கூர் குறைந்திருந்தாலும் காம்பு நசுங்கும், அதனால் முந்தின நாளே சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்துத் தீட்டி வைத்தோம்.

துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு அம்மா சொன்ன அளவு பெரிய நெல்லிக்காய். அதைவிடப் பெரிதானால் காம்பு வேகும்போது மொட்டு குழைந்துவிடும். சிறிதானால் பொரியலில் கிளறும்போது உடையும். எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் போதும், அழகு தேவையில்லை.

அந்த மூன்றாவதில் பாதிதான் தேறியது என்றேன் அல்லவா, காரணம் புழு. பிரித்து முடித்து, சட்டி காய்ந்துகொண்டிருந்தபோதுதான் மகள் பார்த்தாள்: காம்பு இடுக்கில் அதே பச்சையில் மெலிந்த புழு. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர்க்காரர்களுக்குத் தெரிந்த வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும், இந்தக் குடும்பத்துச் செடி எதையும் அது விடுவதில்லை. சாம்பல் பூத்தது போல அசுவினிப் பூச்சி ஒட்டியிருந்த கிளைகளும் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியைச் சமைத்தோம்.

காலிஃப்ளவரை வெந்நீரில் மஞ்சள்தூள் போட்டு வைப்போமே, அதையே செய்தால் என்ன என்று கேட்டேன். செய்தும் பார்த்தேன். வெந்நீரில் ப்ரோக்கோலி பாதி வெந்துவிடுகிறது, அப்புறம் எவ்வளவு நேரம் வேகவைப்பது என்ற கணக்கே தப்பிப் போகிறது. இன்னொரு சிக்கல், மொட்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. குழாயில் காட்டினால் சேம்பிலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், உள்ளே போகாது. எனவே இப்போதைய முறை இதுதான்: 2 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, பெரிய கிளைகளாக மட்டும் பிரித்த ப்ரோக்கோலியைத் தலைகீழாக அமுக்கி, மேலே ஒரு தட்டை வைத்து 15 நிமிடம் விடுகிறேன். நடுவில் காம்பைப் பிடித்து நான்கைந்து முறை தண்ணீருக்குள் உலுக்க வேண்டும். புழு இருந்தால் மிதந்து வரும் அல்லது அடியில் கிடக்கும். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, உதறி, அதன் பிறகுதான் நெல்லிக்காய் அளவுக்குப் பிரிப்பது. முதலிலேயே சின்னதாக நறுக்கி ஊறவைத்தால் வெட்டுவாய் வழியாகச் சத்து தண்ணீரோடு போய்விடும்.

நான்காவது ப்ரோக்கோலியைத் தராசில் வைத்தேன். மொத்தம் 430 கிராம். பிரித்த பிறகு பூத் துண்டுகள் 235 கிராம், நடுத்தண்டு தோல் சீவியது 135 கிராம், இலை 20 கிராம், சீவிய தோலும் அடித்துண்டும் 40 கிராம். அதாவது முதல் மூன்று தடவையும் தண்டைக் குப்பையில் போட்டபோது, 60 ரூபாய் கொடுத்து வாங்கியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைப் போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கைப் பார்த்ததும் அம்மா எதுவும் சொல்லவில்லை, தண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தண்டின் அடியில் அரை அங்குலம் வெட்டி எறிய வேண்டும், அது காய்ந்திருக்கும். வெட்டிய முகத்தைப் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். வட்டத்துக்கு வெளியே கரும்பச்சை, நார். உள்ளே வெளிறிய, நீரோட்டமான சதை. அந்த வட்டம்தான் எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பதைச் சொல்கிறது. அலகின் ஓரத்தில் தோலைச் சிக்கவைத்து அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் பட்டை பட்டையாக, கரும்புத் தோல் போல உரிந்து வரும். உச்சிப் பக்கம் போகப் போகத் தோல் இளசு, அங்கே உரிக்கவே வேண்டாம். உள்சதையை ஒரு துண்டு பச்சையாகக் கடித்துப் பார்த்தேன். நூல்கோலின் ருசி, அதைவிட இனிப்பு. ஒரே இனம் என்று முன்னே சொன்னது நாக்கில் தெரிந்தது.

சமையலில் எனக்கு உதவியது இட்லிப் பானை. 100 கிராம் பச்சை ப்ரோக்கோலியில் ஏறக்குறைய 89 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அது தண்ணீரில் கரைவது. வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதில் நிறையப் போய்விடும். ஆவியில் வைத்தால் அந்த நஷ்டம் குறைவு. பானையில் தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக வந்த பிறகு, துணி போடாத தட்டில் துண்டுகளை ஒரே வரிசையாகப் பரப்பி மூடினேன். நிமிடத்துக்கு ஒரு துண்டு எடுத்துக் கடித்துக் குறித்தேன். இரண்டாம் நிமிடம் நிறம் பளிச்சென்று ஏறியது, காம்பு கடினம். மூன்றாம் நிமிடம் சரி: காம்பில் கத்தி நுனி இறங்குகிறது, கொஞ்சம் முறுக்கும் இருக்கிறது. ஐந்தாம் நிமிடம் மெத்தென்று ஆனது. ஏழாம் நிமிடத்தில் நிறம் மங்கி, அந்தப் பழைய நெடி தலைகாட்டியது.

நிறம் ஏறுவதும் மங்குவதும் ஏன் என்று மகள்தான் விளக்கினாள். முதலில் சூடு பட்டதும் திசுக்களுக்கு நடுவே இருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது, அதனால் உள்ளிருக்கும் பச்சை தெளிவாகத் தெரிகிறது. நேரம் போனால் காய்க்குள் இருக்கும் அமிலம் பச்சையத்தைத் தாக்கி அதன் நடுவே உள்ள மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும், பாசி நிறம் வரும். நான் இரண்டாவது தடவை மூடி போட்டு 10 நிமிடம் வைத்ததில் ஆவியோடு போக வேண்டிய அமிலமும் உள்ளேயே சுற்றியிருக்கிறது. நெடி வருவது இந்தக் குடும்பத்துக் காய்களில் இருக்கும் கந்தகச் சத்து சிதைவதால். புளியோ எலுமிச்சையோ சேர்த்தாலும் இதே மாதிரிதான் நிறம் போகும். ஆகவே பூப் பகுதியைப் புளிக்குழம்பில் போட மாட்டேன். எலுமிச்சை பிழிவதானால் இலை போட்டு உட்கார்ந்த பிறகு.

மூன்று நிமிடம் ஆனதும் தட்டை அப்படியே விட்டால் உள்ளிருக்கும் சூட்டிலேயே மேலும் வெந்துவிடும். ஐஸ் தண்ணீரில் போடலாம் என்கிறார்கள். நான் சுளகில் வெள்ளைத் துணி விரித்து, துண்டுகளைப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வைத்தேன். 5 நிமிடத்தில் ஆறியதோடு ஈரமும் காய்ந்தது. பொரியலுக்கு இப்படி ஈரம் காய்வது ரொம்ப முக்கியம். வெந்த மொட்டு பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஈரத்தோடு சட்டியில் போட்டால் வதங்காது, மறுபடி வேகும்.

பொரியல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரும்புச் சட்டியில் கடலெண்ணெய், கடுகு, உளுந்து, வரமிளகாய், பத்துச் சின்ன வெங்காயம். வெங்காயம் சிவந்ததும் தீயைக் கூட்டி ப்ரோக்கோலியைப் போட்டு இரண்டு நிமிடம் தொடாமல் விட வேண்டும், அடிப்பக்கம் ஆங்காங்கே சிவக்கும். உப்பு, தேங்காய்ப்பூ, ஒரு கிளறு, இறக்கிவிடலாம். உதிர்ந்த தூளை இப்போது எறிவதில்லை. முட்டைப் பொடிமாஸில் மல்லித்தழை தூவும் நேரத்தில் சேர்த்தால் தனி ருசி. ஒட்டியிருந்த இலையை முருங்கைக்கீரையோடு வதக்கினேன்.

ஐந்தாவதில்தான் மகள் கொண்டு வந்த இன்னொரு செய்தியைச் சோதித்தோம். ப்ரோக்கோலியில் குளுக்கோரஃபானின் என்று ஒன்றும், அதற்குத் தனியாக மைரோசினேஸ் என்ற நொதியும் இருக்கின்றன. நறுக்கும்போது இரண்டும் கலந்து சல்ஃபோரஃபேன் உண்டாகிறது. ப்ரோக்கோலியைப் பற்றிப் பெருமையாகப் பேசப்படுவது பெரும்பாலும் இந்தப் பொருளால்தான். நொதி சூட்டில் செயலிழந்துவிடும், ஆனால் உண்டாகிவிட்ட சல்ஃபோரஃபேன் அவ்வளவு சீக்கிரம் போகாது. எனவே நறுக்கி 40 நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் ஏற்றுவது நல்லது. அதே நொதி கடுகிலும் இருக்கிறது என்று அவள் சொன்னதும் அம்மா, "அதான் தாளிக்கிறோமே" என்றார். எண்ணெயில் வெடித்த கடுகில் நொதி பிழைக்காது, பச்சையாக அரைத்தால்தான் உண்டு.

அம்மா உடனே அம்மிக்குப் போனார். தண்டைத் துருவி, கெட்டித் தயிரில் போட்டு, கால் தேக்கரண்டிப் பச்சைக் கடுகு, ஒரு பச்சைமிளகாய், இரண்டு சில்லுத் தேங்காய் அரைத்துக் கலந்தார். வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு அவர் எப்போதும் அரைக்கிற அரைப்புதான். கடுகின் காரம் மூக்கில் ஏறி, தண்டின் இனிப்பு பின்னால் வந்தது. என்னைக் கேட்டால் இந்த ஐந்து வாரத்தில் செய்ததில் சிறந்தது இந்தத் தண்டுப் பச்சடிதான், பொரியலுக்கு இரண்டாம் இடம்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். ப்ரோக்கோலியில் வைட்டமின் கே அதிகம். எங்கள் சொந்தத்தில் ஒருவர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். அந்த மாத்திரை எடுப்பவர்கள் இதைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவரைக் கேட்டு அளவை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வீட்டுக்கு வந்த அன்று பீர்க்கங்காய்தான் செய்தோம்.

மகள் கோயம்புத்தூர் கிளம்பிவிட்டாள். நேற்று வாங்கிய ஆறாவது ப்ரோக்கோலி காய்ந்த துணியில் இருக்கிறது. அதன் தண்டை மட்டும் அம்மா ஏற்கெனவே வெட்டித் தோல் சீவி, வட்ட வட்டமாக நறுக்கி வைத்திருக்கிறார். நூல்கோல் போட வேண்டிய சாம்பாரில் நாளைக்கு அதைப் போடப் போகிறாராம். தண்டுக்கு நிறம் போவது பற்றிக் கவலையில்லை, புளித்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே பருப்போடு போட்டு 8 நிமிடம் வேகவிடலாம் என்று நோட்டில் குறித்திருக்கிறேன். சரியா என்பது நாளை மத்தியானம் தெரியும்.